பேசிக்கொண்டே இருங்கள்

“லெஃப்ட்ல திருப்பு” என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மா வலது பக்கம் கை காட்டினாள். வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண் இரண்டுக்கும் மரியாதை கொடுத்து, நேராகப் போய்க் குப்பைத்தொட்டியில் முட்டினாள்.

“உனக்கு சீப்பு தெரியலையா?” என்று கத்தினாள் டீச்சரம்மா. கண் என்றுதான் சொல்ல வந்தாள்.

முன்பு டீச்சரம்மாவின் மார்பில் வந்து, வெட்டியெடுத்து, தொலைந்ததென்று நினைத்த புற்றுநோய் மூளையில் குடியேறியிருந்தது. ஸ்கேனில் மூன்று கட்டிகள். பேச்சுக்குரிய இடத்தை நெருக்கிய பெரியதை அறுத்தெடுப்பது, அறுத்த இடத்துக்கும் சின்னவை இரண்டுக்கும் கதிர்வீச்சு என்று முடிவாயிற்று.

“ஆபரேஷன்ல நீங்க முழிச்சிருக்கணும்மா,” என்றார் டாக்டர். “மூளைக்கு வலி தெரியாது. பேசிட்டே இருந்தாதான் பேச்சு போகாம பாத்துக்க முடியும்.”

“அதுக்குக் கவலைப்படாதீங்க டாக்டர்,” என்றார் கணவர். “நிறுத்துறதுதான் கஷ்டம்.”

அன்று வீட்டில் அவர் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதார். அவள் கதவைத் தட்டினாள். “தண்ணி வீணாப் போகுது. வெளிய வந்து அழுங்க.”

ஆபரேஷன் மேசையில் தலையை அசைக்க முடியாமல் பிடித்திருந்தார்கள். நர்ஸ் காட்டிய படங்களுக்கெல்லாம் குடை, பூனை, கதவு என்று பெயர் சொல்லி அலுத்துப்போய், கணவரின் குறைகளுக்கு வந்தாள். ஈரத்துண்டை மெத்தையில் போடுகிறவர் அவர்.

“நானும் அப்படித்தாம்மா,” என்றார் டாக்டர்.

“நீங்க ரோட்டைப் பாருங்க. அப்புறம் அவருக்கு... அவருக்கு...”

வார்த்தை வரவில்லை.

“இந்த இடத்தைத் தொட்டா பேச்சு நிக்குது, வேண்டாம்,” என்று டாக்டர் கருவியை விலக்கினார்.

“அவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?”

நர்ஸ் கையிலிருந்த படத்தைக் கீழே இறக்கினாள்.

“குறட்டைன்னு சொல்ல வந்தேன்,” என்று சமாளித்தாள்.

காயம் ஆறியதும் கதிர்வீச்சு. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி முகமூடி செய்தார்கள். அதை மாட்டி மேசையோடு பூட்டிவிட்டால் வாயைத் திறக்க முடியாது. கடைசி நாளன்று, “இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?” என்று கணவர் ஆசையாகக் கேட்டார். அவள் முறைத்ததில் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஸ்கேனில் அறுத்த இடம் சுத்தமாக இருந்தது. ஒரு கட்டி சுருங்கியிருந்தது. இன்னொன்று அப்படியே நின்றது. “வளரல. இப்போதைக்கு அதுவே நல்ல சேதி,” என்ற டாக்டர், “வலிப்பு வரலாம், வண்டி மட்டும் ஓட்டாதீங்க,” என்றார்.

வெளியே வந்ததும் கணவர் சாவியை எடுத்து டிரைவர் சீட்டில் ஏறினார்.

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமா? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“உனக்குப் போட்டியா எதிர்த்தாப்புல ஸ்கூல் வெச்சிருக்கானே, அவன்கிட்டதான்.”

கட்டி என்று கேட்டபோதுகூட அவளுக்கு இப்படி நெஞ்சை அடைக்கவில்லை.

“துரோகி!”

“உன்கிட்ட கத்துக்கிட்டா நான் உயிரோட இருப்பேனா?”

வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தினார். அவள் இறங்கி, காரைச் சுற்றி வந்து, அவர் பக்கத்து ஜன்னலைத் தட்டினாள்.

“இறங்காதீங்க. முதல்ல பின்னாடி பாக்குற கண்ணாடியைச் சரி பண்ணுங்க.”