கம்பெனி அடைத்த பிறகும்

"உறை கிழிஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"கழண்டுச்சா?"

"இல்ல மேடம்."

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் எவாஞ்சலின் இதே கேள்விகளைப் பலவேசத்திடம் கேட்பது இது முதல் முறையல்ல. ஆலோசகர் அலுப்பைக் காட்டக் கூடாது என்பது விதி. அலுப்பே வரக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

ஆடி மாதம் குண்டூருக்கு வெடி லோடு கொண்டுபோன இடத்தில், லாரிக்காரர்களோடு சேர்ந்து ஒரு பெண்ணிடம் போயிருக்கிறான். ஆணுறை போட்டுத்தான். மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்திலும் எச்.ஐ.வி. இல்லை. இனி பரிசோதனையே தேவையில்லை, வீட்டில் எப்போதும் போல இருங்கள் என்று எவாஞ்சலின் சொன்னால் தலையாட்டுவான். பிறகு மறுபடியும் வந்து நிற்பான்.

"வெடிக்காத வெடிய ஒடனே கையில எடுக்கக் கூடாது மேடம். சும்மாதான் கெடக்கும். குனிஞ்சா மூஞ்சில வெடிக்கும்."

"ரத்தம் வெடியில்ல அண்ணாச்சி. வீட்ல என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அவன் மருந்து கலக்குகிறவன். வெடி ரசாயனத்துக்கு அங்கே மருந்து என்றுதான் பெயர். கலக்குகிறவர்கள் குளித்து உடை மாற்றாமல் பிள்ளையைத் தூக்க மாட்டார்கள். அந்த வழக்கம் அவனுக்கு வசதியாகப் போயிற்று. மருந்து உடம்பில் ஊறிவிட்டது, உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஆடியிலிருந்தே தனியாகப் படுக்கிறான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஓர் இளம்பெண் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயர் கீர்த்திகா. அந்த டெஸ்ட் தனக்கு எடுக்க வேண்டும் என்றாள். எதற்காக என்று எவாஞ்சலின் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு மருந்து கலக்குதாக. ஒடம்புல மருந்து ஊறிப்போச்சுன்னு தள்ளிப் படுத்தாக. நானும் நம்பி வேப்பிலை அவிச்சு ஊத்துனேன், மஞ்சள் அரைச்சுக் குடுத்தேன். தீபாவளியோட கம்பெனிய அடைச்சாச்சு. மருந்தத் தொட்டே ஒரு மாசமாச்சு. இன்னும் ஒட்டிக்கிடும்னே சொல்லுதாக." நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நேத்து பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயக்கா சொன்னா, ஒம் புருசன இந்த ரூம் வாசல்ல பாத்தேன்னு."

அவள் யாருடைய மனைவி என்று எவாஞ்சலினுக்குப் புரிந்துவிட்டது. சீசன் முடிந்ததும் மருந்துப் பேச்சையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றாத அந்த மனிதன்மேல் கோபம் வந்தது.

"அவுகளுக்கு இருக்கா அக்கா? இருந்தா சொல்லிருங்க. நான் விட்டுட்டுப் போற ஆளில்ல."

இல்லை என்ற ஒரு சொல் போதும். எவாஞ்சலின் பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தாள்.

"இங்க யார் வந்தாங்க, வரலேன்னுகூட நான் சொல்லக் கூடாதும்மா. உங்க ரத்தத்தப் பத்தி மட்டுந்தான் சொல்ல முடியும். புருசனும் பொண்டாட்டியும் சம்மதிச்சுச் சேர்ந்து வந்தா, சேர்த்து உக்கார வச்சுப் பேசலாம்."

கீர்த்திகா சிறிது நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். அதில் பதில் எதுவும் கிடைக்கவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு, வாசலில் கிடந்த பெஞ்சில் போய்ப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முடிவு வருவதற்கு முன்பே, வர வேண்டாம் என்று எவாஞ்சலின் சொல்லி அனுப்பியிருந்த பலவேசம் வராந்தாவில் வந்தான். பெஞ்சைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது. திறந்திருந்த கதவு வழியாக எவாஞ்சலினுக்கு இருவருமே தெரிந்தார்கள்.

"நீ எதுக்கு இங்கன வந்த?"

"ஒங்களுக்கு இருந்தா எனக்கும் இருக்கும்ல."

அவளைத் தொட நீண்ட அவன் கை பாதியில் நின்றது. மருந்தைத் துடைக்கிற பழக்கதோஷத்தில் அதைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான்.

கீர்த்திகா பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.