வாடகை மீன்கள்

தொட்டியின் மேல் அவள் நிழல் விழுந்ததும் மீன்கள் சிதறி எதிர்மூலைக்கு ஓடின. சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்தமாகி வாய்க்காலுக்குப் போகுமுன் தங்கும் கடைசித் தொட்டி அது. நல்ல தண்ணீர்தான் என்று காட்ட ஆரஞ்சு நிற மீன்களை விட்டிருந்தார்கள்.

"ரெண்டு வருஷமா இருக்கு மேடம். நம்ம புள்ளைங்க மாதிரி," என்றார் தொட்டிக்காரர்.

தீனி போடுகிறவரைக் கண்டால் மீன் கிட்டே வரும். இவை அவருக்கும் பயந்தன.

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காகப் பட்டறைகளைச் சோதிப்பது அவள் வேலை. அவள் சரியென்றால் ஆர்டர் தொடரும். இல்லையென்றால் இங்கே அடுப்பணையும். அதனாலேயே அவள் நுழையும் இடமெல்லாம் பேச்சு அடங்கிவிடும். அவர்கள் தருவது எதையும் தொடக் கூடாது என்பது விதி. கொண்டுவந்த டப்பாவை ஏதாவது ஒரு தனி அறையில், சுவரைப் பார்த்தபடி தின்று முடிப்பாள்.

"ஒரு நாற்காலி போடுங்க. சாயங்காலம்வரை இங்கதான் இருக்கப் போறேன்."

தொட்டிக்காரர் முகம் செத்துப்போயிற்று.

உட்கார்ந்து மகளுக்கு போன் போட்டாள். "சாப்பிட்டியா? கேஸ மூடினியா? பின்கதவு?"

"உன் சோதனையில எல்லாம் பாஸ்மா. வச்சிடட்டா?"

மகள் வைத்துவிட்டாள். வேறு என்ன கேட்பது என்று இவளுக்கும் தெரியவில்லை.

வெயில் சாயும்போது மீன்கள் மேலே வந்து மூச்சுக்கு வாயைப் பிளந்தன. தொட்டிக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா? வாடகை மீன். செத்துச்சுன்னா கடைக்காரன் என் உயிர வாங்கிடுவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சட்டென்று இருவரும் நிறுத்தினார்கள்.

"எங்க தெருக் கிணத்துலயும் சாயந்தான், வாய வைக்க முடியாது. காசு குடுத்து வாங்குற லாரித் தண்ணிதான். இந்தப் பட்டறைய மூடிட்டா அதுக்கும் வழியில்ல."

"நான் பார்த்ததத்தான் எழுதுவேன்."

"தெரியும்மா."

மதியம் சாப்பிடாமல் வைத்திருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அவள் பக்கம் தள்ளினார். மேடம் எப்போது அம்மா ஆனது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூடியே கிடந்த தன் டப்பாவைத் திறந்து, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நிழல் விலகிய தண்ணீரில் மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் ஒருக்களித்து, வெள்ளை வயிற்றைக் காட்டியபடி, மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தது.