லுத்ஃபியின் நிச்சயதார்த்தத்துக்கு நான் போட்ட இசை

கெய்ரோவில் இரண்டு கோடிப் பேர் வசிக்கிறோம். அவர்களில் சினிமாப் பின்னணி இசையால் ஏமாற்ற முடியாத ஒரே மனிதன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உயரத்தையும் ரத்த வகையையும் சொல்வதுபோலச் சொல்கிறேன். என் அம்மா ஏமாறுவாள். எங்கள் வணிகவியல் கல்லூரியின் முதல்வர் ஏமாறுவார். ரமலான் மாதத்துத் தொடரில் வயலின் ஆரம்பித்ததும் எங்கள் தெருக் கசாப்புக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கையில் ஈரல் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கறி வேறு கடையில் வாங்குகிறோம்.

கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் எனக்கென்று ஒரு பத்தி உண்டு. நூலகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒட்டுவார்கள் என்பதால் வாசகர்களுக்குக் குறைவில்லை. 'அடுத்தவன் உன் சட்டையில் மூக்கைச் சிந்துவதற்குப் பெயர்தான் பின்னணி இசை' என்று அதில் எழுதினேன். ஒரு பேராசிரியை அதைக் கிழித்து எறிந்தார். அவரும் அழுதிருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் லுத்ஃபி. மூன்று வருடமாக வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். மற்றவர்கள் நடிகைக்காகப் படம் பார்ப்பார்கள், சண்டைக்காகப் பார்ப்பார்கள். இவன் பின்னணி இசைக்காகப் பார்ப்பான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது திரையரங்குக்காரன் விளக்கைப் போட்டுத் துடைப்பத்தோடு வந்து நிற்பான். இவன் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், கடைசித் தந்தி ஓயும்வரை. கேள்வி கேட்டால் பதில் கிடையாது. கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவான். பொறு, இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். சுல்தான்கள்கூட அப்படி விரல் உயர்த்தியிருக்க மாட்டார்கள்.

பார்க்கச் சகிக்காது. முதலில் மூக்குத் துவாரம் விரியும். அப்புறம் கீழுதடு ஈரமாகித் தொங்கும். அப்புறம் கண்ணீர் மூக்கோரமாக இறங்கி, தாடியில் ஒரு கணம் தயங்கி, கையிலிருக்கும் கொஷரித் தட்டில் விழும். பருப்பும் மக்ரோனியும் சோறும் ஏற்கெனவே கலந்து கிடக்கும் தட்டு அது. அதற்கு மேலும் ஒன்றைக் கலக்க வேண்டிய அவசியமில்லை. அவன் அதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்புவான்.

"இந்த இடத்தைக் கேளுடா ஸஃப்வத். ஒரே ஒரு தடவ."

காதிலிருந்து உருவிய ஒயரை நீட்டுவான். அதன் முனையில் தேன் நிறத்தில் ஏதோ பளபளக்கும்.

"தொடச்சுக் குடுடா."

"தொடச்சாச்சு." கால்சட்டையில் தேய்ப்பான். கால்சட்டை அதைவிட மோசமாக இருக்கும்.

மூன்று வருடத்தில் நான் ஒருமுறையும் வாங்கிக் கேட்டதில்லை. சுகாதாரம் ஒரு காரணம். கொள்கை இன்னொன்று.

லுத்ஃபிக்கு ஒரு ஆசை இருந்தது: மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஷாஹிந்தா. அவள் வீட்டில் இரண்டு தடவை முடியாது என்றார்கள். அவள் அம்மா ஸுஹேர் அத்தைக்குக் குவைத்தில் சம்பாதிக்கும் அண்ணன் மகன் ஒருவன் இருந்தான்; வீட்டுச் சுவரில் அவனுடைய படம் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. மூன்றாவது தடவை அப்பா ஹாஜி ருஷ்தி சரி என்றார். மெட்ரோ ரயிலில் டிக்கெட் பரிசோதகர். "இதுல ஏதாவது ஒண்ணு கோணலாப் போச்சுன்னா, அப்புறம் இந்தப் பேச்சே இந்த வீட்ல கிடையாது" என்று ஸுஹேர் அத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்தார். அதாவது, கோணலுக்காகக் காத்திருந்தார்.

நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்பு லுத்ஃபி கல்லூரி உணவகத்தில் என்னைப் பிடித்தான்.

"நாங்க ரெண்டு பேரும் கூடத்துக்குள்ள வர்றப்ப மத்தளக்காரன் வேணாம்டா. நம்ம 'ஆறாம் படித்துறை' இசைதான். நீதான் போடணும்."

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

ஈத் வந்தால் தொலைக்காட்சியில் தவறாமல் வரும் படம் அது. இந்த ஊரில் பல் முளைத்த எல்லோரும் பார்த்தது. நைல் நதியில் படகோட்டும் ஒருவன் கல்யாணத்தன்று விடியற்காலையில் மூழ்கிப்போகிறான். ஊர்ப் படகுகள் எல்லாம் சேர்ந்து அவனைக் கல்யாண உடுப்போடு கரைக்குக் கொண்டுவருகின்றன. அந்த நாலரை நிமிடத்துக்கு வசனம் கிடையாது. வெறும் இசை.

"எந்த இடத்து இசை?" என்று கேட்டேன், சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று பார்க்க.

"படகெல்லாம் வரிசையா வருமே, அது! அடியில கனமா ஒரு தந்தி. தண்ணி தளும்புற மாதிரியே இருக்கும். அப்புறம் ஊரே கூடுது. பாதிக்கு மேல நாணல் குழல் ஒண்ணு தனியா வரும் பாரு…" மூக்குத் துவாரம் விரிய ஆரம்பித்தது. "அது கல்யாணம்தானேடா? நான் அந்த இடத்துல கண்ணைத் தொறந்ததே இல்ல. மூடிட்டாத்தான் முழுசாக் கேக்கும்."

இப்படி ஒரு தவறை ஓர் இசைப் பைத்தியத்தால் மட்டுமே செய்ய முடியும். நாடே கண்ணைத் திறந்து பார்த்த பிணத்தை, இவன் ஒருவன் கண்ணை மூடிக் கல்யாணம் என்று கேட்டிருக்கிறான்.

"கல்யாண உடுப்பெல்லாம் போட்டிருப்பாங்க," என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அடுத்த வாரப் பத்திக்கான தலைப்பை அப்போதே மனதில் எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஷுப்ரா பகுதியில் ஷாஹிந்தாவின் நான்காவது மாடி வீட்டில் கூடினோம். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், காற்று இல்லை. வாசனைத் தெளிப்பான், வியர்வை, ரோஜா சர்பத் மூன்றும் ஒன்றாகி நாக்கில் படிந்தன. எனக்குக் கொடுத்த கிளாஸின் விளிம்பில் யாருடைய உதட்டுச் சாயமோ பிறைபோல ஒட்டியிருந்தது. நடுவில் மெத்தை போட்ட இரண்டு நாற்காலிகள், முக்காலியில் மோதிரமும் வளையல்களும் இருந்த வெல்வெட் பெட்டி. மூலையில் வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி.

லுத்ஃபி தன் ஃபோனிலிருந்து காது ஒயரைப் பிடுங்கி என் கையில் திணித்தான். "பத்திரம்டா," என்றுவிட்டு ஷாஹிந்தாவை அழைத்துவரப் போனான். ஒயரை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், இரண்டு விரலால். ஃபோனை ஒலிபெருக்கியின் ஒயரில் மாட்டினேன்.

கதவு திறந்தது. வெளிர் பச்சை உடையில் ஷாஹிந்தா, பக்கத்தில் கழுத்துப்பட்டை இறுக்கி முகம் சிவந்த லுத்ஃபி. ஷாஹிந்தாவின் கரீமா சித்தி குலவையிட நாக்கை மடித்தார். நான் அழுத்தினேன்.

அந்தக் கனத்த தந்தி தரையிலிருந்து ஏறியது.

கரீமா சித்தியின் வாய் திறந்தபடியே நின்றது. குலவை வரவில்லை. நாக்கு மட்டும் உள்ளே தனியாகக் கிடந்தது.

"இது படகுக்காரன் செத்த எடமாச்சே!" என்றார் யாரோ ஒருவர், சர்பத்தை விழுங்க மறந்து.

"ஐயய்யோ, என் தலையில மண்ணு விழ!" ஸுஹேர் அத்தை இரண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டார். "என் பொண்ணு நிச்சயத்துல பொணம் தூக்குறீங்களா? பாரு, மாப்பிள்ளையே அழுறான் பாரு!"

மாப்பிள்ளை அழுதுகொண்டுதான் இருந்தான். கண் மூடியிருந்தது, உதடு தொங்கியது, கன்னம் பளபளத்தது. முகத்தில் அப்படியொரு நிறைவு. யாரோ தோளைத் தொட்டார்கள். ஒரு விரலை உயர்த்தினான்.

ஸுஹேர் அத்தை மகளின் கையை அவன் கையிலிருந்து பிடுங்கினார். கரீமா சித்தி ஒலிபெருக்கி ஒயரை வேரோடு இழுத்தார். ஃபோன் என் கையோடு வந்துவிட்டது. நாணல் குழல் வருவதற்குச் சரியாக ஒரு மூச்சு முன்னால் கூடம் அமைதியானது.

லுத்ஃபி கண்ணைத் திறந்தான்.

"அது எந்த எடம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஷாஹிந்தா. குரல் உயரவில்லை.

"படகெல்லாம் வருது. ஊரே வருது."

"படகுல யாரு?"

"மாப்பிள்ளை."

"உயிரோடவா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஒலிபெருக்கியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த எண்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

"எத்தன தடவ அந்தப் படத்தப் பாத்திருக்க?" என்றார் ஹாஜி ருஷ்தி. நாலு பெட்டி தாண்டி வந்து டிக்கெட் கேட்கும் குரல்.

"முப்பத்தோரு தடவ, ஹாஜி."

"முப்பத்தோரு தடவையும் கண்ண மூடிட்டா?"

"அந்த எடத்துல மட்டும்."

பின் வரிசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ஸுஹேர் அத்தை சிரிக்கவில்லை. குனிந்து வெல்வெட் பெட்டியை மூடினார். டப் என்று ஒரு சத்தம். "சகுனம் பேசிடுச்சு. இதுக்கு மேல நான் பேசல. இந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க." சுவரில் குவைத்துக்காரன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

லுத்ஃபி மறுபடி என்னைப் பார்த்தான். என் பெயரைச் சொன்னால் போதும். "இவன்கிட்டக் கேட்டேன், இவன்தான் கல்யாண உடுப்புன்னு சொன்னான்" என்றால் முடிந்தது. அவன் சொல்லவில்லை. கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்தான், அதைப் புதுக் கோட்டிலேயே தேய்த்தான், தரையைப் பார்த்து நின்றான்.

எனக்குக் குமட்டியது. வழக்கமான குமட்டல்தான் என்று கோட்டைப் பார்த்தேன். கோட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியும், அத்தை," என்றேன்.

நாற்பது தலைகள் திரும்பின.

"பொணம் வர்ற இடம்னு எனக்கு நல்லாத் தெரியும். இவன் கல்யாணமான்னு கேட்டான். தெரிஞ்சேதான் மழுப்பினேன். வேணும்னேதான் போட்டேன். என்ன ஆகுதுன்னு பாக்கலாம்னு."

இந்த ஊரில் சகுனத்துக்கு மருந்து கிடையாது. ஆனால் பொறாமைக் கண்ணுக்கு உண்டு. ஸுஹேர் அத்தையின் முகம் மாறுவதைக் கண்கூடாகப் பார்த்தேன்: விதி என்று நினைத்தது வெறும் ஆளாகிவிட்டது, அந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான்.

"இவன் கண்ணுதான்!" என்றார் கரீமா சித்தி. "உள்ள வரும்போதே பாத்தேன். வளையல்களையே முறைச்சிட்டு இருந்தான்!"

"நான் சர்பத் கிளாஸைத்தான் பாத்தேன், சித்தி."

"வாய மூடு, மேதாவி! கூடப் படிக்கிறவனுக்கு நல்லது நடக்குறது பொறுக்கலையாக்கும்? எழுந்திரு. வெளிய!"

நான் உட்கார்ந்திருக்கவே இல்லை. இருந்தாலும் மூன்று பெண்கள் என்னை எழுப்பி வாசலுக்குத் தள்ளினார்கள். வேண்டாதவன் படியிறங்கும்போது அவன் முதுகுக்குப் பின்னால் மண்கூஜாவை உடைத்தால் அவன் திரும்பி வரமாட்டான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"கூஜா எங்கடி?"

"ஃப்ரிட்ஜ் வந்த நாள்லேந்து நம்ம வீட்ல கூஜா ஏது?"

"அப்ப எதையாவது ஒடைங்களேன்!"

காப்பிக் கோப்பை ஒன்று என் குதிகாலுக்கு ஓரடி பின்னால் சிதறியது. அடியில் தங்கியிருந்த கசடு கால்சட்டையில் தெறித்தது. யாரோ குடித்து மீதி வைத்தது. இன்னும் சூடாக இருந்தது.

கதவு மூடும்போது இடுக்கில் லுத்ஃபியின் முகம் தெரிந்தது. திட்டப்போகிறான் என்று நின்றேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"குழல் வரவே இல்லடா," என்றான், மிகுந்த வருத்தத்தோடு. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே கொஞ்ச நேரம் கலவரம். ஹாஜி ருஷ்தியின் குரல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னது. பிறகு கரீமா சித்தியின் நாக்குக்கு விடுதலை கிடைத்தது. குலவை, அதன் மேல் இன்னொரு குலவை, நாலு மாடியும் அதிர்ந்தது. பெட்டி மறுபடி திறந்திருக்க வேண்டும்.

நான் மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து கோப்பைச் சில்லைச் செருப்பிலிருந்து பிடுங்கினேன். படியில் பூனை மூத்திர வாடை. கால்சட்டையில் கசடு. லுத்ஃபியின் ஃபோன் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதன் திரையில் கோடு நாலரை நிமிடத்தில் பாதிக்குச் சற்று மேலே நின்றுபோயிருந்தது. அரைகுறையாக எதையும் விட்டுவிட்டுப் போவது ஒழுங்கற்ற பழக்கம். வேறு ஒன்றுமில்லை.

சட்டைப்பையிலிருந்து அந்த ஒயரை எடுத்தேன். முனையில் தேன் நிறம் அப்படியேதான் இருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. காதில் வைத்தேன். இளம் வெதுவெதுப்பாக இருந்தது.

படகுகள் நின்றன. தந்தி ஓய்ந்தது. பிறகு அந்தக் குழல் வந்தது.

கீழ்மாடிக்காரர் ஒருவர் தக்காளிப் பையோடு படியேறி வந்து என் முன்னால் நின்றார் போலிருக்கிறது. தக்காளி வாசனை வந்தது.

"என்னப்பா ஆச்சு? மேல குலவை கேக்குது, நீ இங்க இப்படி… யாராவது போயிட்டாங்களா?"

நான் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினேன்.