டைனமோவில் ஓடிய பாட்டு

யதுர்ஷிகா விண்ணப்பித்திருந்த கண்ணிவெடி எடுக்கும் வேலையில் அவளுக்குப் பிடித்த விடயம் ஒன்றே ஒன்றுதான். ஒருத்தர் வேலை செய்யும் இடத்திலிருந்து இருபத்தைந்து மீற்றருக்குள் இன்னொருத்தர் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். பகல் முழுக்க முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டலாம். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. வகுப்பில் எழும்பி நின்று பதில் சொல்ல முடியாமல் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வெடி பெரிய பயமாகத் தெரியவில்லை. வெடி கேள்வி கேட்காது.

அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் முடிவாகியிருந்தது. நெளுக்குளத்தில் சின்னம்மா ஒரு தொலைபேசிக் கடை வைத்திருந்தாள். அங்கே போய் நிற்க வேண்டும். நாள் முழுக்க ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கனடா லைனிலை நிக்குது, ஓடி வாங்கோ" என்று றோட்டுக்குக் கேட்கக் கத்த வேண்டும். யதுர்ஷிகாவுக்கு அதைவிட வெடியே மேல்.

வேலைக்கு ஒரு தடைதான் இருந்தது. மைதானத்தை நாலு சுற்று, பத்து நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். யதுர்ஷிகா குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போய் வந்தாலே இளைக்கிறவள். சோதனைக்கு ஆறு கிழமை இருந்தது.

முதல் நாள் விடிய எழும்பி வாய்க்கால் கட்டால் ஓடினாள். நூறு யார் போயிருக்க மாட்டாள், பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் காணி ஏரம்பு, கையில் காணி உறுதிக்கடதாசிப் பையோடு பாய்ந்து வருகிறார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டுச் சனம்.

"எங்கை பிள்ளை ஷெல் விழுந்தது?" என்றார் ஏரம்பு, மூச்சு வாங்க.

"ஒண்டும்... விழேல்லை."

"அப்ப ஏன் ஓடினனீ?"

வன்னியில் ஒருத்தர் ஓடினால் மற்றவர்களும் ஓடுவார்கள்; ஏன் என்று பிறகுதான் கேட்பார்கள். சமாதானம் வந்து இரண்டு வருடமாகியும் கால்களுக்கு யாரும் அதை அறிவிக்கவில்லை. யதுர்ஷிகா தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்து, அன்று முழுக்க வெளியே தலை காட்டவில்லை.

ஆனால் யோசித்தாள். விண்ணப்பம் கொடுக்கப் போன அன்று, பயிற்சிக்குப் பொறுப்பான குகதாசன் ஒரு கதை சொல்லியிருந்தார். அவர்களுடைய நிறுவனத்து வெள்ளைக்கார அதிகாரி காதில் பாட்டுக் கேட்கும் வயர் செருகிக்கொண்டு தினமும் காலையில் றோட்டால் ஓடுவாராம். ஒருத்தரும் பின்னால் ஓடுவதில்லையாம். யதுர்ஷிகாவுக்குச் சூத்திரம் விளங்கியது. காதில் வயர் இருந்தால் உடற்பயிற்சி, இல்லாவிட்டால் ஷெல். அவளுக்குத் தேவையானது மூச்சு அல்ல, வயர்.

கோழி விற்ற காசோடு தாய் இரஞ்சிதத்தைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிச் சந்தைக்குப் போனாள். வவுனியாவிலிருந்து சாமான் கொண்டுவந்து விற்கும் நாஸிம், மேசையில் பாட்டுப் பெட்டி மூன்றை எடுத்து வைத்தார்.

"இது சிடி போடுறது. நல்ல சத்தம். ஆனா நடந்தாலே தடக்கும். ஓடினீங்க எண்டா பாட்டு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

யதுர்ஷிகா தாயின் காதில் குசுகுசுத்தாள். "அந்தச் சின்னன் என்னவாம்?" என்று தாய் கேட்டாள்.

"அது புதுசு, உம்மா. விரலளவுதான், எவ்வளவு குலுக்கினாலும் தடக்காது. பாட்டைக் கொம்பியூட்டர்ல இருந்து ஏத்தணும். வீட்டில கொம்பியூட்டர் இருக்கா?"

"வீட்டிலை கரண்டே இல்லைத் தம்பி."

மூன்றாவது கசெற் போடும் வோக்மன். செங்கல் பாரம். யதுர்ஷிகா இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, அதையே தெரிவுசெய்தாள். பாரமான சாமான்தான் உழைக்கும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. ஓடும்போது அந்தப் பாரத்தையும் தானே சுமக்க வேண்டும் என்பது அவள் மூளைக்கு எட்டவில்லை. நாஸிம் இரண்டு பற்றறியைச் சும்மா போட்டுக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை அதைப் பாவாடை இடுப்பில் கொழுவிக்கொண்டு வாய்க்கால் கட்டில் ஏறினாள். பத்து அடியில் பாவாடை இறங்கத் தொடங்கியது. ஒரு கையால் பாவாடையையும் மறு கையால் வயரையும் பிடித்துக்கொண்டு ஓடுகிற பெண்ணைப் பார்த்து இந்த முறை ஒருவரும் பின்னால் ஓடவில்லை, நின்று பார்த்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் தகப்பன் வீரகத்தி பற்றறி இரண்டையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஐயா, அது பாட்டுக் கேக்க..."

"பற்றறியைப் பாட்டுக்குக் கரைக்கிறதோ? நாளைக்குப் பாதையைப் பூட்டினாங்கள் எண்டால் செய்தி கேக்க எங்கை போறது?"

பொருளாதாரத் தடைக் காலத்தில் அவர் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டவர். அந்த வயரும் டயோட்டும் இன்னமும் கூரை வளையில் தொங்கின. பெருமையோடு இறக்கி, சைக்கிளை வீட்டின் பின்கோடிக்குள் ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வோக்மனுக்கு வயர் இழுத்து, கரண்ட் கூடி வோக்மன் எரியாமல் இருக்க இடையில் ஒரு ரோச் பல்பையும் கொழுவினார்.

"இப்ப ஏறி உழக்கு. பாட்டுக்குப் பாட்டு, பயிற்சிக்குப் பயிற்சி."

வீட்டில் இருந்த ஒரே கசெற், கோயில் திருவிழாவுக்குப் போடும் பிள்ளையார் பாட்டு. யதுர்ஷிகா உழக்கினாள். மெதுவாக உழக்கினால் பாடகருக்குத் தொண்டை அடைத்து, மாடு கத்துவதுபோல் கேட்டது. வேகமாக உழக்கினால் பிள்ளையாரை எலி பாடியது. சரியான வேகத்தில் உழக்கினால் மட்டும் மனிதர் பாடினார். பயிற்சி செய்கிறவருக்குப் பாட்டு உற்சாகம் தரும் என்பார்கள். கடைசியில் அவள்தான் வியர்த்து வழிந்து பாட்டுக்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் யாரும் பார்க்காத கோடிக்குள் நடந்ததால் ஐந்து கிழமை விடாமல் உழக்கினாள். கால் இரும்பாகிவிட்டது என்று நம்பினாள். அந்த ஐந்து கிழமையும் அவள் நிலத்தில் ஒரு அடிகூட ஓடவில்லை.

சோதனை நாளில் வோக்மனையும் கொண்டு போனாள். குகதாசன் கண்டுவிட்டார்.

"தங்கச்சி, அதைக் கழட்டி வையும். விசில் அடிச்சால் கேக்கவேணும்."

ஓடும்போது வயர் இல்லை, பாட்டு இல்லை, வேகம் எவ்வளவு என்று சொல்ல ஆளும் இல்லை. விசில் அடித்ததும் மாடு துரத்தியதுபோல் பாய்ந்தாள். முதல் சுற்றில் அவள்தான் முன்னுக்கு. இரண்டாவதில் நடுவில். நாலாவது சுற்றை நடந்து முடித்தபோது பன்னிரண்டு நிமிடம் தாண்டியிருந்தது.

"அடுத்த வருசம் வந்து பாரும்," என்றார் குகதாசன். குரலில் இரக்கம் இருந்தது. அது கூடுதலாகக் குத்தியது.

யதுர்ஷிகா மரத்தின் கீழ் போய் இருந்தாள். கண்ணுக்கு முன்னால் நெளுக்குளமும் கனடா லைனும் வந்து நின்றன. ஒரு மணித்தியாலத்தில் அடுத்த குழு ஓட இருந்தது. அவள் எழும்பி, குகதாசனுக்கு முன்னால் போய் நின்றாள். நாக்கு வழக்கம்போல் ஒட்டியது. இழுத்துப் பிடுங்கினாள்.

"அண்ணை, இவையோடை நானும் ஓடட்டோ?"

"களைக்கேல்லையோ?"

"களைக்குது."

அவர் சிரித்துவிட்டார். "சரி, ஓடும். விழுந்தால் நான் பொறுப்பில்லை."

இரண்டாம் முறை அரைச் சுற்றிலேயே கால்கள் மறுபடியும் கண்டபடி பாயப் பார்த்தன. சரியான வேகம் அவளுக்குத் தெரியும். ஆனால் அது காலில் இல்லை, காதில் இருந்தது. பாட்டு வேண்டும். பாட வேறு ஆள் இல்லை. பின்னால் பதினொரு பெண்கள், சுற்றிவர ஊர்ச்சனம். யதுர்ஷிகா கண்ணை மூடாத குறையாக வாயைத் திறந்து பிள்ளையார் பாட்டைப் பாடினாள். தொண்டை கரகரத்தது, சுதி எங்கேயோ போனது.

"ஆரடி இது, பூசை தொடங்கினது?" என்று பின்னால் ஒருத்தி சிரித்தாள்.

"வெடி எடுக்கப் போறமோ, கோயிலுக்குப் போறமோ?" என்றாள் இன்னொருத்தி.

முகம் எரிந்தது. பாட்டை நிறுத்தினால் வேகம் போய்விடும். நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்றில் சிரிப்பு அடங்கி, அவளுக்குப் பின்னால் காலடிகள் ஒரே தாளத்தில் விழத் தொடங்கின. நாலாம் சுற்றில் மூச்சு முட்டி அவள் ஒரு வரியை விட்டாள்; முதலில் சிரித்தவளே அந்த வரியை எடுத்துப் பாடினாள்.

குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. பேனையைத் திறந்துகொண்டு வந்தார்.

"பேர் என்ன?"

யதுர்ஷிகா குனிந்து முழங்காலைப் பிடித்து, இருந்த மூச்சு முழுவதையும் சேர்த்துப் பெயரைச் சொன்னாள். மைதானத்தின் அந்தப் பக்கத் தொங்கலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் காது கேக்கும் தங்கச்சி," என்றபடி அவர் எழுதிக்கொண்டார்.