டிரைவர் இல்லாமல் நின்ற பஸ்

எனக்குச் சகுனம் பார்ப்பதில் துளியும் நம்பிக்கை கிடையாது, பரீட்சை நாளைத் தவிர. நோவி சாத் பல்கலைக்கழகத்தில் படித்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சொல்லாதவர்கள் பொய் சொல்கிறார்கள்.

அன்று செப்டம்பர் பரீட்சைகளின் கடைசி நாள். கட்டடப் பொறியியலில் எனக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி. அதில் ஏற்கெனவே இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தேன். மூன்றாவது தடவையும் போனால் அரசாங்கச் செலவில் படிக்கும் இடம் பறிபோகும், வீட்டிலோ சொந்தக் காசு கட்ட வழியில்லை. பேராசிரியை கோவாச் முன்னால் உட்கார்ந்து வாய்மொழியாகப் பதில் சொல்லித் தேறினால் படிப்பு உண்டு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நகரத்துக்கு வெளியே ஃபுதோக்கில் நெவென்கா அத்தை வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். சொந்த அத்தை இல்லை, வீட்டுக்காரி. நான் வாசலைத் தாண்டியதுமே பின்னாலிருந்து ஒரு குடுவைத் தண்ணீரை வீசிக் கொட்டினாள். பரீட்சைக்குப் போகிறவர் பின்னால் தண்ணீர் கொட்டினால் காரியம் தடையில்லாமல் ஓடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"திரும்பிப் பாக்காம போ தங்கம்!"

"காலெல்லாம் நனைஞ்சுபோச்சு அத்தை."

"நனையட்டும். போன தடவை கொஞ்சமா ஊத்தினேன், அதான் கோட்டை விட்டே."

பஸ் பிடித்து, சந்தையில் இறங்கி, எட்டாம் நம்பர் பஸ்ஸுக்கு மாறி, தான்யூப் கரையோரக் கல்லூரி வளாகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. பரீட்சை ஒன்பதுக்கு. பெஞ்சில் உட்கார்ந்து பையைத் துழாவினேன். பேனா இருந்தது, கால்குலேட்டர் இருந்தது, அத்தை வைத்த ரொட்டி இருந்தது. இண்டெக்ஸ் இல்லை.

இண்டெக்ஸ்தான் எங்கள் மாணவர்களின் ஜாதகம். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் பேராசிரியர் அந்தச் சின்னப் புத்தகத்தில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வந்தவர்களைக் கோவாச் மேடம் நாற்காலியில் உட்காரவே விடமாட்டார். எங்கே விட்டேன் என்று யோசிக்கவே தேவையில்லை. படித்தது தலையில் இறங்கட்டும் என்று பாடப்புத்தகத்தையும் இண்டெக்ஸையும் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருந்தேன். பாடம் இறங்கியதோ இல்லையோ, இண்டெக்ஸ் அங்கேயே படுத்துவிட்டது.

போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அப்போதே கிளம்பியிருந்தால் எட்டு ஐம்பதுக்குத் திரும்பியிருக்கலாம். கணக்குத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் தண்ணீர் கொட்டி அனுப்பிய வீட்டுக்கே திரும்பிப் போவதா? சந்தைக்குப் போகும் பஸ் வந்து நின்றது, கதவைத் திறந்தது, மூடிக்கொண்டு போனது. நான் வேடிக்கை பார்த்தேன். இதைவிட முட்டாள்தனமான காரியத்தை என் வாழ்நாளில் செய்ததில்லை. பிறகு அத்தைக்குப் போன் போட்டேன்.

"ஐயையோ, திரும்பி வந்துடாதே!" அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

"வரலை. நீங்களே கொண்டு வந்து குடுங்களேன்."

"நானா? தண்ணி ஊத்துனவளே பின்னால ஓடி வந்தா விளங்கின மாதிரிதான்! இரு, டிரைவர் மிதாரோட பஸ் வர்ற நேரம். அவன்கிட்ட குடுத்து விடறேன். சந்தையில எட்டாம் நம்பருக்கு மாத்திவிட்டுடுவான்."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தபாலைவிட நாங்கள் பஸ் டிரைவரைத்தான் நம்புவோம். மருந்து, சாவி, தேன் பாட்டில், ஒரு தடவை உயிருள்ள வாத்து, எல்லாமே டிரைவர் பக்கத்தில் சொகுசாக உட்கார்ந்து பயணம் போகும்.

ஆனால் அது முட்டைக்கோஸ் அறுவடை நேரம். ஃபுதோக்கில் வேறென்ன விளைகிறது? நிறுத்தத்துக்கு நிறுத்தம் மூட்டை மூட்டையாக ஏற்றி, மிதாரின் பஸ் ஆமையாக ஊர்ந்திருக்கிறது. எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. எட்டாம் நம்பர் பஸ்கள் வந்தன, போயின. ஒன்றிலும் என் இண்டெக்ஸ் இல்லை. உள்ளே போய் மற்றவர்களோடு உட்கார்ந்தேன்.

ஒன்பதரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"துன்யா, இண்டெக்ஸ் எங்கே?" என்றார் கோவாச் மேடம்.

"வந்துக்கிட்டிருக்கு மேடம்."

"அதுக்கென்ன காலா இருக்கு?"

"பஸ்ல வருது மேடம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "பத்து மணிக்குக் கடைசி ஆளைக் கூப்பிடுவேன். அதுக்குள்ள வந்தா உக்காருங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் துடித்தது. "சந்தையில மாத்தியாச்சாம்டி! எட்டாம் நம்பர்ல ஒரு டிரைவரம்மா, அவகிட்ட மிதார் விவரமெல்லாம் சொல்லி ஜன்னல் வழியா குடுத்துட்டானாம்! இந்நேரம் அங்க வந்திருக்கணும்!" என்று கத்தினாள் அத்தை.

பரீட்சை அறைக்குப் பின்வாசல்தான் பக்கம். அது வழியாகப் பாய்ந்து, தத்துவத் துறைக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடினேன். எட்டாம் நம்பர் பஸ் நின்றிருந்தது. கதவுகள் திறந்திருந்தன, என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, உள்ளே நிற்க இடமில்லாமல் ஆட்கள். டிரைவர் சீட் மட்டும் காலி.

என்னைப் பார்த்ததும் ஜன்னலோரம் இருந்த நர்ஸ் ஒருத்தி எழுந்தாள். "ஏய், நீதான் அந்த இண்டெக்ஸ் பொண்ணா?"

தலையாட்டினேன்.

"அடிப்பாவி! டிரைவரம்மா உன்னைத் தேடித்தான் முன்வாசல் வழியா உள்ள போயிருக்கு. இங்க வந்து மசமசன்னு நிக்கிறியே!"

"எனக்கு டியூட்டிக்கு லேட்டாச்சு," என்றார் ஒருவர்.

"எல்லாருக்குந்தான் லேட்டாச்சு, நீ சும்மா இருய்யா. ஏம்மா, ஓடேன்!"

"ஓடு! ஓடு! ஓடு!" பஸ் முழுக்கக் கத்தியது. ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்கள். ஒரு கிழவர் கைத்தடியால் கட்டடத்தைக் காட்டிக் காட்டித் திட்டினார். இத்தனை பேரிடம் ஒரே நேரத்தில் திட்டு வாங்கியதும் இல்லை, திட்டு அவ்வளவு இனித்ததும் இல்லை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டியவர்கள், என் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள், எனக்காக டிரைவரை இறக்கி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். அழுதுகொண்டேதான் ஓடினேன்.

வழியில் டிரைவரம்மாவைக் காணவில்லை. நான் பின்வாசல் வழியாக உள்ளே ஓடியபோது அவர் முன்வாசல் வழியாக வெளியே போயிருக்க வேண்டும். அறைக்குள் நுழைந்தேன். கோவாச் மேடத்தின் மேஜைமேல் என் இண்டெக்ஸ் கிடந்தது. பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி தாண்டி நான்கு நிமிடம்.

"உக்காருங்க. முதல்ல மூச்சு வாங்கிக்குங்க," என்றார் மேடம்.

மூன்று கேள்விச் சீட்டுகள் எடுத்தேன். முதல் கேள்விக்குப் பதில் கொட்டியது. இரண்டாவதில் தடுமாறினேன், அவர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவதற்கு உத்திரம் எங்கே வளையும், எங்கே முறியும் என்று படம் போட்டே காட்டினேன். அவர் பென்சிலால் என் படத்தில் ஒரு அம்புக்குறியைத் திருத்திவிட்டு, "ஏழு" என்றார். பத்துக்கு ஏழு. ஆறு வாங்கினாலே பாஸ். படிப்பு தப்பியது.

இண்டெக்ஸைத் திறந்து மார்க்கை எழுதியபடியே சொன்னார். "பத்து மணிக்கு நான் பேப்பரையெல்லாம் கட்டிட்டேன், தெரியுமா? உங்க அக்காதான் விடலை."

"யாரு மேடம்?"

"உங்க அக்கா. பஸ் ஓட்டுறவங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'அவ என் தங்கச்சி, இப்ப வந்துடுவா, அவளை மட்டும் வெளிய அனுப்பிடாதீங்க, பஸ் நிறைய ஆளுங்களை விட்டுட்டு வந்திருக்கேன், அஞ்சே நிமிஷம் பொறுங்க'ன்னு அழாத குறையா கேட்டாங்க. அப்படிக் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது?"

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

மேடம் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிவிட்டு, இண்டெக்ஸை நீட்டினார். "நல்ல அக்கா. பேரென்ன?"

"இனிமேதான் கேக்கணும் மேடம்," என்றேன்.