தண்ணீர் குடிக்காதவள்

1

1979 மே 14, சங்கரன்கோவில். மூன்று நாளைக்கு முன் பிள்ளை பெற்ற முத்துத்தாய் வீட்டுப் புழக்கடையில் மயங்கி விழுந்தாள்.

கதை அங்கே பிறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய மாமியார் முப்பிடாதியம்மாள் டாக்டரிடம் வாங்கிய வசவில் பிறந்தது. என் அண்ணனைச் சேர்த்திருந்ததால் நானும் அங்கே இருந்தேன். பிள்ளை பெற்றவளைத் தண்ணீர் கொடுக்காமல் கொல்லப் பார்த்தாயா என்று டாக்டர் கேட்டார். அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை.

(வெளியூர் வாசகருக்கு: பிரசவமான உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் வயிறு சரிந்து நின்றுவிடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். வயிற்றைப் பழைய சேலையால் இறுகக் கட்டி, தொண்டை நனையும் அளவுக்கே தண்ணீர் தருவார்கள்.)

2

அன்றே எழுத உட்கார்ந்தேன்.

‘முப்பிடாதியம்மாள் தண்ணீர்ப் பானையை மருமகளுக்கு எட்டாத பரணில் தூக்கி வைத்துவிட்டு…’

மேலே ஓடவில்லை. எந்தப் பெண் தண்ணீர்ப் பானையைப் பரணில் வைப்பாள்? அடுத்து அவளுக்கு ஒரு கொடூரச் சிரிப்பைக் கொடுத்துப் பார்த்தேன். வராந்தாவில் குனிந்து நின்ற முகத்தில் அது ஒட்டவில்லை. மறுநாள் போய் அவளிடமே கேட்டேன்.

“செம்ப வாயில வச்சுக் கெஞ்சுனேன் தம்பி. பல்லக் கடிச்சிக்கிட்டா. வயித்துக் கட்ட இன்னும் இறுக்குங்க அத்தேங்கா.”

 குடிக்க மறுத்தது முத்துத்தாயேதான்.

3

இதற்கு முந்தைய, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவள் வயிறு உள்ளே போகவில்லை. பிள்ளைக்கு மூன்று வயதான பின், வாசுதேவநல்லூரிலிருந்து வரும் பஸ்ஸில், மாசமான பெண் என்று எண்ணி யாரோ எழுந்து இடம் கொடுத்தார். இல்லையென்று சொல்லக் கூசி உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த கணவன் சண்முகையா அதைக் கல்யாண வீட்டில், சலூனில், டீக்கடையில் சொல்லிச் சிரித்தான்.

“எம்பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனா எந்தக் கூட்டத்துலயும் சீட்டு உண்டு வே.”

இதை டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

“சொன்னா, ஏன் குடிக்கலன்னு கேப்பாவ. எம்மவன் பேசுனத எந்த வாயால சொல்லுதது?”

4

சண்முகையா ஆஸ்பத்திரிக்கு வரும் காட்சியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அழுகிறான். ஒன்றில் இளநீர் வாங்கி வருகிறான். [மூன்றாவதை அடித்துவிட்டேன். அதில் நான் அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.] நடந்தது வேறு. நான் வாசலில் நின்று கேட்டேன்; இல்லாவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவளை அவன் மேலும் கீழும் பார்த்தான்.

“இத்தன நாள் தண்ணியில்லாமக் கெடந்தும் ஒரு சுத்துகூடக் கொறையலையே, ஏட்டி.”

அவள் பதில் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

“……………………”

மற்றது இவ்வளவுதான். அடுத்த வாரம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிறு அப்படியே இருந்தது. பால் வற்றிவிட்டது. பிள்ளையைப் புட்டிப்பாலில் வளர்த்தார்கள்.