ஆறாயி ஓடிப்போகவில்லை

எனக்குக் கல்யாணம் ஆனபோது ஆறாயியையும் என்னோடு கொடுத்தனுப்பினார்கள். கொட்டாஞ்சேனை வீட்டுக் கூடத்தில் சீர்ச் சாமான்களைப் பரப்பி வைத்து, என் தாயார் விசாலம், என் மாமியாரிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். வெள்ளிக் குடம், பித்தளை அண்டா, தையல் மிஷின். கடைசியில், "வேலைக்கு ஆறாயி வர்றா. கை சுத்தம்" என்றார். மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது 1968. எனக்கு இருபது வயது. அவளுக்கும் ஏறத்தாழ அதேதான்.

ஏழு வயதில் அவளை அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து என் அப்பச்சி, அதாவது என் தகப்பனார், கூட்டி வந்தார். தகப்பன் செத்துப்போய், தாய் மூன்று பிள்ளைகளோடு தவித்துக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம், பொங்கலுக்குப் பொங்கல் அனுப்பி வைப்போம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார். இரண்டு பொங்கலுக்கு அனுப்பினோம். பள்ளிக்கூடத்துக்கு நான் போனேன்; என் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் அவள் வந்தாள். சம்பளம் என்று எதுவும் கிடையாது. "வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சம்பளம் குடுப்பாகளா?" என்பார் என் ஆத்தா. வீட்டுப் பிள்ளை குசினியில், அடுப்புக்குப் பக்கத்துத் தரையில் படுத்துக்கொண்டது.

கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். ஆறாயி என்னை ஆச்சி என்று அழைக்கத் தொடங்கினாள்; செட்டியார் வீட்டு எசமானிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுபத்திரண்டில், என் இரண்டாவது பிள்ளை பிறந்து இருபதாம் நாள், காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். என் கணவர் ஆதப்பன் புறக்கோட்டைக் கடைக்குப் போய்விட்டிருந்தார். திறந்தேன். வெளுத்த கோட்டும் வேட்டியுமாக ஒருவன் நின்றான்.

"கும்புடுறேங்க ஆச்சி. நான் பழனிமுத்துங்க, ஆறாயியோட அண்ணன். கொட்டாஞ்சேனையில உங்க விலாசம் குடுத்தாங்க. தோட்டத்து ஆளுங்களைத் திருப்பி அனுப்புறாங்க, நாங்க எல்லாரும் இந்தியாவுக்கே போறோமுங்க. அவ பேரும் பயணப் பத்திரத்துல இருக்கு. அடுத்த மாசம் கப்பல். ஆத்தா அவளைக் கையோட கூட்டியாரச் சொல்லுச்சு."

ஆறாயி அப்போது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை அழுதது. இனி யார் துவைப்பார்கள், யார் பால் காய்ச்சுவார்கள் என்பது தவிர என் மனதில் வேறெதுவும் ஓடவில்லை.

"அவ இங்க இல்லையே. யாரோடயோ ஓடிப்போயிட்டா. ஆறு மாசமாச்சு" என்றேன்.

"எங்க ஆறாயியாங்க?"

தலையாட்டினேன்.

"ஆத்தாகிட்ட நான் என்னன்னுங்க சொல்றது?"

கதவைச் சாத்தினேன். வெறும் வாளியோடு இறங்கி வந்த ஆறாயி, "யாருங்க ஆச்சி?" என்று கேட்டாள். யாரோ விலாசம் கேட்டு வந்ததாகச் சொன்னேன்.

ஏழு வருடங்கள் அந்தப் பொய் என்னோடேயே இருந்தது. எழுபத்தொன்பதில் அரசாங்க அடையாள அட்டைக்குப் பெயர் பதிய எங்கள் பகுதிக் கிராம சேவகர் வந்தார். ஆறாயியின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார். எங்களிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

"எங்கண்ணன்கிட்ட இருக்கும். நான் தோட்டத்துக்குப் போயி வாங்கியாறேன்" என்றாள் அவள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

அவள் போன இரண்டாம் நாள் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படி யாரும் வரலைன்னு சொல்லிடு. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு யாரு வந்து சாட்சி சொல்லப் போறா?" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஐந்தாம் நாள் அவள் வந்தாள். எப்போதும் வரும் பின்படியால் அல்ல, முன்கதவால். கூடவே றோஸி இருந்தாள். ஆறாயியின் சிநேகிதி; அடுத்த சந்தில், அந்த ஒழுங்கை லொட்ஜில் சமைப்பவள், தெமட்டகொடையில் வீடு.

"எங்க லயத்து வீட்டுல வேற ஆளுங்க இருக்காங்க. பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிற சீனியம்மா எல்லாம் சொல்லுச்சு" என்றாள் ஆறாயி. குரல் உயரவில்லை. "அண்ணன் வந்தப்ப நான் எங்க இருந்தேன் ஆச்சி?"

கணவர் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"மாடியில."

"கூப்பிட்டிருந்தா கேட்டிருக்குமே."

"ம்."

"எங்காத்தா ஒரு வாரம் வெளிய தலைகாட்டலையாம். மக ஓடிப்போயிட்டான்னு நெனச்சுக்கிட்டே கப்பலேறியிருக்கு."

மன்னித்துவிடு என்றேன். அதை அவள் காதில் வாங்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள். அண்ணன் இப்போது இருக்கும் கோத்தகிரிப் பக்கத்து விலாசம். "எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்க எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். 'அன்று ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆரம்பித்தேன். றோஸி குனிந்து அதை வாசித்தாள்.

"என்ன தவறு? ஆர் செய்தது? வீட்டுக்குள்ள இருக்கிற மனுசியை இல்லையெண்டு சொல்ல, அவள் என்ன உங்கட அடிமையா? வடிவா, விளக்கமா எழுதுங்கோ."

பள்ளிக்கூடத்தில் அடிமைகளைக் கப்பலில் ஏற்றிப்போன கதையை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் அதற்கு நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். எங்கோ, யாரோ, யாருக்கோ செய்தது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சொல் என் வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்தபோது, அது பொருந்தாது என்று சொல்ல ஒரு வார்த்தைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

வரியை அடித்துவிட்டு, 'நான் பொய் சொன்னேன். ஆறாயி ஓடிப்போகவில்லை. மாடியில் இருந்தாள்' என்று எழுதினேன்.

"எதுக்குப் பொய் சொன்னீங்கன்னும் எழுதுங்க" என்றாள் ஆறாயி.

'வேலைக்கு ஆள் வேண்டுமென்பதற்காக' என்று எழுதினேன்.

அதை உரக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அன்று தொட்டிலில் அழுத என் மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போ என்று சைகை காட்டினேன், அவள் போகவில்லை.

ஆறாயி கடிதத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு சேலைகளை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு, றோஸியோடு போய்விட்டாள். லொட்ஜ் குசினியில் அவளுக்கும் வேலை கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து மார்க்கெட்டில் றோஸியைக் கண்டேன். பதில் வந்ததாம். தாய் இந்தியா போன மூன்றாம் வருடமே இறந்துவிட்டாள். கடிதத்தைத் தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டியதாக அண்ணன் எழுதியிருந்தானாம். என்னைப் பற்றி அவன் ஏதாவது எழுதினானா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் காலி வீதி பஸ் ஹோல்ட்டில் ஆறாயியைப் பார்த்தேன். கையில் குடை, காலில் புதுச் செருப்பு. "ஆறாயி" என்று கூப்பிட்டேன். திரும்பினாள்.

"சொல்லுங்க."

ஆச்சி என்று சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனாள்.